மூடாத மூடி

தீர்ப்புக் கூறுதல் எளிது. தீர்ப்புக்குரிய காரணத்தைக் கண்டறிதல் அரிது. உஸூலுல் ஃபிக்ஹ் பாடம் நடத்தும்போதெல்லாம் மாணவர்களுக்கு இதனை நான் எடுத்துச் சொல்வதுண்டு. ஆனால் பாடம் சொல்லும் நாவும் பெற்ற பிள்ளையைக் கண்டிக்கும் நாவும் ஒன்றாக இருப்பதில்லை. இந்த உண்மையை ஐம்பத்தாறாவது வயதில், என் வீட்டுக் கூடத்தில் வைத்து, ஒரு மடிக்கணினி எனக்கு உணர்த்தியது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆயினும், தோளுக்கு மேல் வளர்ந்த பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோர் சிலருக்கேனும் பயன்படும் என்ற எண்ணத்தால் எழுதத் துணிகிறேன்.

நான் வாழும் ஊர் பிள்ளைப்பாக்கம். ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே, ஏரியும் வயலுமாக இருந்த கிராமம். இன்றோ சிப்காட் தொழிற்பூங்காவின் பெயராகத்தான் வெளியூரார் அதனை அறிவர். இரவிலும் விடியலிலும் ஆலைப் பேருந்துகள் பிள்ளைகளை ஏற்றிச் செல்வதும் இறக்கிச் செல்வதுமாகவே எங்கள் நாட்கள் கழிகின்றன. இவ்வட்டாரம் மின்னணுப் பொருள்களின் பிறந்தகம். நோக்கியாவின் கைப்பேசி ஆலை 2006ஆம் ஆண்டு ஸ்ரீபெரும்புதூரில் இயங்கத் தொடங்கி, 2014 நவம்பரில் நின்று போயிற்று. டெல் நிறுவனம் 2007இல் தன் கணினி ஆலையை இங்கே அமைத்தது. 2025 ஜனவரியில் தாம்பரத்து ஏற்றுமதி மண்டலத்தில், விளையாட்டு மடிக்கணினிகளுக்குப் பெயர் பெற்ற எம்.எஸ்.ஐ. நிறுவனத்துக்காக மடிக்கணினி பொருத்தும் வரிசையொன்று திறக்கப்பட்டது. கணினிகள் பிறக்கும் மண்ணில் குடியிருந்தும், என் வீட்டுக் கணினி ஒன்றின் நோய் எனக்கு விளங்கவில்லை. அது நோயே அன்று என்பதும் பிறகுதான் விளங்கிற்று.

என் இளைய மகனுக்கு வயது இருபத்திரண்டு. டிப்ளமோ முடித்து, ஒரகடத்தில் வாகன உதிரிப்பாக ஆலை ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கிறான். ஒரு வாரம் பகல் ஷிப்டு, மறு வாரம் இரவு ஷிப்டு. எட்டு மாதச் சம்பளத்தில் சிறுகச் சிறுக மிச்சம் பிடித்து, 2025 ஆகஸ்டில், சென்னை ரிச்சி தெருவில் 52,000 ரூபாய்க்குப் பழைய மடிக்கணினி ஒன்றை வாங்கி வந்தான். விளையாட்டுக்கென்றே செய்யப்பட்ட வகை அது. படம் வரைவதற்கென்று தனிச் செயலி, வெப்பத்தை வெளியேற்றப் பெரிய விசிறிகள், செங்கல் கனத்தில் ஒரு சார்ஜர் என்று எல்லாமே சாதாரணக் கணினியினும் பெரிது.

எனக்கு அது பிடிக்கவில்லை என்பதை மறைக்க மாட்டேன். சூதும் பந்தயமும் கலவாத விளையாட்டை ஹராம் என்று சொல்லிவிட முடியாது. எனினும் அது நேரத்தை விழுங்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆகவே ஒரே ஒரு நிபந்தனை விதித்தேன். விளையாட்டின் பொருட்டு ஒரு வக்துத் தொழுகையும் தவறக் கூடாது. “தவறாது அத்தா” என்று வாக்களித்தான். அந்த வாக்கை நான் பெரிதாக நம்பவில்லை. இதையும் சொல்லி வைக்கிறேன், பின்னால் தேவைப்படும்.

வாங்கிய ஒரு வாரத்திலேயே தொல்லை தொடங்கியது. ஓர் அணிக்கு ஐந்து பேராக இணையத்தில் கூடி ஆடும் ஆட்டம் அது. ஆட்டம் சூடு பிடித்திருக்கும் வேளையில், திடீரெனத் திரை இருண்டுவிடும். விசிறியின் இரைச்சல் அடங்கிவிடும். ஓரத்துச் சிறு விளக்கு மட்டும் மூச்சு விடுவதுபோல் மெல்ல மின்னும். விசையைத் தட்டினால் கணினி விழித்துக்கொள்ளும். ஆனால் அதற்குள் ஆட்டம் இவனைக் கைவிட்டிருக்கும். தோற்கும் தறுவாயில் வேண்டுமென்றே ஓடிப் போகிறான் என்று கூட்டாளிகள் ஏசினர். ஆறாவது முறை நடந்தபோது அணியிலிருந்தே நீக்கிவிட்டனர்.

“அல்லாஹ்வே பார்த்து அதை உறங்க வைக்கிறான் போலிருக்கிறது” என்று நான் வேடிக்கையாகச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை.

ஆனால் ‘உறக்கம்’ என்ற அந்தச் சொல் என் மனத்தில் தைத்தது. மொழி கற்றவனுக்கு இஃதொரு நோய். அரபியில் உறக்கத்திற்குப் படிப்படியாகப் பெயர்கள் உண்டு. ஹிஜ்ரி 429இல் மறைந்த ஸஆலிபீ தம் ‘ஃபிக்ஹுல் லுகா’ என்னும் நூலில் ‘நுஆஸ்’ என்னும் கண் அயர்வில் தொடங்கி அவற்றை வரிசைப்படுத்தியிருக்கிறார். நம் தமிழிலோ ‘துஞ்சுதல்’ என்னும் சொல் உறங்குவதையும் குறிக்கும், இறப்பதையும் குறிக்கும். குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் என்பது உறங்கிய மன்னனின் பெயரன்று, மாண்ட மன்னனின் பெயர். கணினிக்கும் இந்த வேறுபாடு உண்டென்று அறிந்தேன். நினைவகத்திற்கு மட்டும் சிறிதளவு மின்சாரம் ஓடிக்கொண்டிருக்க, மற்றவை ஓய்ந்து கிடப்பது உறக்கம். நினைவிலிருந்ததை வட்டில் எழுதி வைத்துவிட்டு மின்சாரத்தை முற்றும் விடுவது ஆழ்துயில். எதையும் எழுதாமல் பட்டென்று அணைவது சாவு. இன்றைய அரபிக் கணினிகளில் முதலாவதை ‘ஸுகூன்’ என்றும் இரண்டாவதை ‘இஸ்பாத்’ என்றும் எழுதுகிறார்கள். எழுத்தின் மேல் ஸுகூன் வந்தால் அங்கே அசைவில்லை. எழுத்து மட்டும் இருந்த இடத்தில் இருக்கும். எவ்வளவு பொருத்தமான பெயர்!

எங்கள் கணினிக்கு நேர்ந்தது ஸுகூன்தான். எழுப்பினால் எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது.

காரணத்தைத் தேட உஸூலில் ஒரு முறை இருக்கிறது. ‘ஸப்ரு வத்தக்ஸீம்’ என்பர். காரணமாக இருக்கக்கூடியவை அனைத்தையும் முதலில் பிரித்து அடுக்க வேண்டும். பின்னர் ஒவ்வொன்றாகச் சோதித்துப் பொருந்தாதவற்றைத் தள்ள வேண்டும். எஞ்சி நிற்பது எதுவோ அதுவே ‘இல்லத்’, அதாவது காரணம். மகனும் நானும் ஒரு விடுமுறை நாளில் அவ்வாறே அமர்ந்தோம். அந்த நாள் எங்களிருவருக்கும் இனிதாகவே கழிந்தது. அதனால்தான் பின்னர் நான் செய்தது இன்னும் உறுத்துகிறது.

முதலாவது, வெப்பம். அடியில் காற்றோட்டம் இருக்கட்டும் என்று கணினியை உயர்த்தி வைக்க அவன் என் ரைகாலைக் கேட்டான். குர்ஆன் வைக்கும் பலகையை அதற்குத் தர மனம் வரவில்லை. கொல்லையிலிருந்து இரண்டு செங்கல்லைக் கொண்டு வந்து கொடுத்தேன். விசிறியின் தூசியையும் தூரிகையால் துடைத்தோம். மாற்றமில்லை. மேலும், வெப்பம் மிகுந்த கணினி முதலில் வேகம் குறைந்து, தாளாத நிலையில் பெரும்பாலும் ஒரேயடியாக அணைந்துவிடும். இதுவோ வேகம் குறையாமல், அணையாமல், உறங்கியது.

இரண்டாவது, மின்சாரம். இத்தகைய கணினிகளுக்கு 180, 230 வாட்டு என்று பெரிய சார்ஜர் வேண்டும். சிறிய சார்ஜரைச் செருகினால், செருகியிருக்கும்போதே பேட்டரி கரைந்து, அடிமட்டத்திற்கு வந்ததும் கணினி உறங்கிப் போகும். எங்களுடையது உரிய சார்ஜர்தான். ஒவ்வொரு முறை உறங்கியபோதும் பேட்டரி தொண்ணூறு விழுக்காட்டிற்கு மேலேயே இருந்தது.

மூன்றாவது, நேரக் கட்டளை. இத்தனை நிமிடம் யாரும் தொடாதிருந்தால் உறங்கு என்று கணினிக்குச் சொல்லி வைத்திருப்பார்கள். விசைப்பலகையை விட்டுவிட்டுத் தனிக் கைப்பிடியால் ஆடுவோருக்குச் சில வேளைகளில் இது தொல்லை தரும். கைப்பிடியின் அசைவைக் கணினி மனிதத் தொடுகையாக எண்ணாமல் விட்டுவிடுவதுண்டு. ஆனால் இவன் விசைப்பலகையில்தான் ஆடினான். இருந்தும் அக்கட்டளையை ‘ஒருபோதும் வேண்டா’ என்று மாற்றினோம். அப்படியும் உறங்கியது.

நான்காவது என்னவென்று எங்களுக்குத் தோன்றவில்லை. இங்கேதான் ஸப்ரு வத்தக்ஸீமின் பலவீனம் இருக்கிறது என்று உஸூல் அறிஞர் எச்சரித்திருக்கின்றனர். நீ அடுக்கிய பட்டியல் முழுமையானதென்று உனக்கு யார் சொன்னது?

கடைக்காரர் ஒரு மாதம் பொறுப்பேற்றிருந்ததால், இருவருமாகக் கணினியைத் தூக்கிக்கொண்டு சென்னை சென்றோம். நேர்மையான மனிதர். தாமே ஓர் ஆட்டத்தை ஓடவிட்டு இரண்டு மணி நேரம் ஆடிப் பார்த்தார், கணினி கண்ணயரவில்லை. பின்னர் கணினியின் நிகழ்வுப் பதிவேட்டைத் திறந்தார். விண்டோஸ் கணினிகளில் இப்படியொரு ஏடு தானாகவே எழுதப்பட்டு வருகிறது என்பதை அன்றுதான் அறிந்தேன். ‘கெர்னல் பவர்’ என்னும் தலைப்பில், 42 என்ற எண்ணிட்ட குறிப்பு ஒவ்வோர் உறக்கத்திற்கும் இருந்தது. நாள், மணி, நிமிடம், வினாடி. அதன் கீழே, உறங்கியதன் காரணம்: பட்டன் அல்லது மூடி.

“பட்டனை அமுக்கியிருக்கணும், இல்லேன்னா மூடியை மூடியிருக்கணும் ஹஜ்ரத். பதினோரு தடவையும் அப்படித்தான் பதிவாகியிருக்கு. மெஷின்ல கோளாறு இல்லை” என்றார்.

“நான் பட்டனையும் தொடலை, மூடியையும் தொடலை அத்தா” என்றான் மகன்.

அவ்வேளையில் என் நினைவுக்கு ஓர் இரவு வந்தது. நான் அவன் அறைக் கதவைத் திடீரெனத் திறந்தபோது திரை இருண்டிருந்தது. அவன் கைகள் விசைப்பலகையின் மேல் இருந்தன. முகத்தில் கலக்கம் இருந்தது. பார்க்கத் தகாத எதையோ பார்த்துக்கொண்டிருந்து, என் காலடி கேட்டதும் அணைத்திருக்கிறான் என்று அன்றே ஓர் ஐயம் என்னுள் விழுந்திருந்தது. அதை நான் அவனிடம் கேட்கவும் இல்லை, மனத்தைவிட்டு அகற்றவும் இல்லை. பதிவேட்டைக் கண்டதும் அந்த ஐயம் உறுதியாகிவிட்டது. கடைக்காரரும் வாடிக்கையாளர் சிலரும் கேட்டுக்கொண்டிருக்க, நான் சொன்னேன்:

“இயந்திரம் பொய் சொல்லாது. நீதான் சொல்கிறாய்.”

அவன் பதில் பேசவில்லை. பேருந்தில் எனக்கு ஜன்னலோர இருக்கையைத் தந்துவிட்டு, நின்றுகொண்டே வந்தான். வீட்டுக்கு வந்ததும் கணினியைப் பெட்டியில் இட்டுப் பரணில் ஏற்றினான். அன்றிலிருந்து இருபத்து மூன்று நாட்கள், என்னோடு அவன் பேசியதெல்லாம் ஸலாம் மட்டுமே. அதையும் குறைவின்றிச் சொன்னான். ஸலாம் கூறும் பிள்ளையை எந்தத் தகப்பன் குறை கூற முடியும்?

“அவன் பொய் பேசற பிள்ளை இல்லீங்க. சின்ன வயசில கண்ணாடியை உடைச்சாலும் நான்தான் உடைச்சேன்னு வந்து நிப்பான். இது உங்களுக்குத் தெரியாததா?” என்றாள் என் துணைவி. எனக்குத் தெரியும். ஆனால் பதிவேட்டைக் கண்ணால் பார்த்திருந்தேனே!

அக்டோபரில் மதரஸாவின் அரையாண்டுத் தேர்வுக்கு அரபி வினாத்தாள் அடிக்க வேண்டியிருந்தது. மதரஸாக் கணினி பழுதாகிக் கிடந்தது. துணைவியின் வாயிலாகச் செய்தி அனுப்பினேன். அவன் பரணிலிருந்து கணினியை இறக்கி வந்து, கூடத்து மேசையில் வைத்துத் திறந்து கொடுத்துவிட்டு, இஷாவுக்கு ஒளுச் செய்யப் போனான். போகும்போது கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் போனான். 2025 நோன்புப் பெருநாளுக்கு நான் வாங்கிக் கொடுத்த கடிகாரம் அது. வெள்ளிநிறக் கம்பி வலையால் பின்னிய பட்டை. கொக்கி இல்லாமல், தானே ஒட்டிக்கொள்ளும்.

நான் இரண்டு வினாக்களை அடித்து முடித்தேன். கிதாபை விரிக்க இடம் வேண்டியிருந்ததால், கடிகாரத்தை எடுத்துக் கணினியின் இடப்புறம், கை ஊன்றும் இடத்தில் வைத்தேன். திரை இருண்டது. விளக்கு மெல்ல மின்னத் தொடங்கியது.

மூடி என் கண்ணெதிரே விரியத் திறந்திருந்தது. பட்டனை நான் தொடவில்லை. விசையைத் தட்டி எழுப்பி, கடைக்காரர் காட்டிய வழியில் பதிவேட்டைத் திறந்தேன். எண் 42. காரணம்: பட்டன் அல்லது மூடி.

என் மகனுக்கு எதிராகச் சாட்சி சொன்ன அதே ஏடு, அதே சொற்களால், இப்போது எனக்கு எதிராகச் சாட்சி சொல்லியிருந்தது. அந்நேரம் யாரேனும் என்னிடம் வந்து, “நீர்தான் மூடினீர்” என்று சொல்லியிருந்தால் நான் எதைக் கொண்டு மறுத்திருப்பேன்? நான் மூடவில்லை என்பதைத் தவிர என்னிடம் வேறு சொல் ஏது? அந்த ஒரு சொல்லைத்தானே அவனும் சொன்னான்!

தொழுதுவிட்டு வந்து சோதனையைத் தொடங்கினேன். உஸூலில் இதற்கும் ஒரு முறை உண்டு, ‘தவரான்’ என்பர். ஒன்று இருக்கும்போது தீர்ப்பும் இருந்து, அது நீங்கும்போது தீர்ப்பும் நீங்குமானால், அதுவே காரணமெனக் கொள்வது. திராட்சைச் சாறு ஆகுமானது. அதில் போதை வந்ததும் விலக்கப்பட்டதாகிறது. காடியாகிப் போதை நீங்கியதும் மீண்டும் ஆகுமானதாகிறது. ஆகவே விலக்கலுக்குக் காரணம் நிறமுமன்று, நீர்மையுமன்று, போதையே. இது பாடங்களில் வழிவழியாக வரும் எடுத்துக்காட்டு.

கடிகாரத்தை அவ்விடத்தில் வைத்தேன், உறங்கியது. எடுத்துவிட்டு விசையைத் தட்டினேன், விழித்தது. பத்து முறை செய்தேன், பத்து முறையும் அப்படியே. வலப்புறம் வைத்தேன், ஒன்றுமில்லை. பட்டையைக் கழற்றிக் கடிகாரத்தை மட்டும் வைத்தேன், ஒன்றுமில்லை. பட்டையை மட்டும் வைத்தேன், உறங்கியது. எவர்சில்வர் கரண்டியை வைத்தேன், ஒன்றுமில்லை. குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த காந்தப் பொம்மையை வைத்தேன், உறங்கியது. தொடர்பில்லாத பண்புகளை ஒவ்வொன்றாகக் களைந்து உண்மைக் காரணத்தைத் தனியே பிரித்தெடுப்பதை ‘தன்கீஹுல் மனாத்’ என்று இருபது ஆண்டுகளாகக் கற்பித்து வருகிறேன். ஒரு கரண்டியையும் பொம்மையையும் வைத்து அதனைச் செய்தது அன்றுதான்.

காந்தம் என்று தெரிந்தது. ஆனால் ஒன்றோடு ஒன்று சேர்ந்து வருவதாலேயே அது காரணமாகிவிடாது; அதற்கும் விளைவுக்கும் பொருத்தம் இருக்க வேண்டும். ‘முனாஸபத்’ என்னும் அப்பொருத்தத்தை அடுத்த ஜும்ஆவுக்குப் பின் என் பழைய மாணவர் ஒருவர் விளக்கினார். அவர் மின்னணு ஆலையொன்றில் பணிபுரிபவர்.

மடிக்கணினியின் மூடியில் சிறியதொரு காந்தம் பதிக்கப்பட்டிருக்கிறது. அதற்கு நேர் கீழே, விசைப்பலகை உள்ள பாகத்தில், அரிசி மணியளவில் ஓர் உணர்வி இருக்கிறது. அதற்கு ஹால் உணர்வி என்று பெயர். மின்னோட்டம் பாயும் தகட்டின் மீது காந்தப் புலம் குறுக்கிட்டால், தகட்டின் இரு பக்கங்களுக்கிடையே சிறிதளவு மின்னழுத்தம் தோன்றும் என்பதை 1879ஆம் ஆண்டு எட்வின் ஹால் என்பவர் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்தபோது கண்டறிந்தார். அந்த விளைவே இவ்வுணர்வியின் அடிப்படை. மூடியை மூடினால் காந்தம் உணர்விக்கு மேல் வந்து நிற்கும். உணர்வி சொல்லும், கணினி உறங்கும். இயங்கியபடியே பைக்குள் வைத்து, வெப்பம் ஏறிக் கெட்டுப் போகாதிருக்கச் செய்த நல்லேற்பாடு அது.

ஆனால், அன்பர்களே, அந்த உணர்வி மூடியைப் பார்ப்பதில்லை. அதற்கு மூடி என்று ஒன்று இருப்பதே தெரியாது. காந்தம் வந்ததா, இல்லையா என்பது ஒன்றே அதற்குத் தெரியும். காந்தம் வந்ததை அது அறிவித்தது. மூடி மூடப்பட்டதென்று ஏட்டில் எழுதப்பட்டது. கண்டது ஒன்று, எழுதியது அதிலிருந்து ஊகித்தது. இயந்திரம் பொய் சொல்லவில்லைதான். ஆனால் அது சாட்சி சொல்லவும் இல்லை, அனுமானம் சொன்னது. அனுமானத்தை நான் கண்கண்ட சாட்சியாக ஏற்று, கண்கண்ட சாட்சியான என் மகனைத் தள்ளினேன்.

இன்னும் ஒரு கேள்வி எஞ்சியிருந்தது. விளையாடும்போது மட்டும் ஏன்? நான் கேட்டேன், இருபத்து மூன்று நாட்களுக்குப் பின் அவனிடம் நான் கேட்ட முதல் கேள்வி அதுதான். அவன் கணினியின் முன் அமர்ந்து காட்டினான். ஆடும்போது இடக்கை விரல்கள் டபிள்யூ, ஏ, எஸ், டி என்னும் நான்கு விசைகளைவிட்டு அகல்வதில்லை. மணிக்கட்டு சரியாக அந்த இடத்தில் ஊன்றி நிற்கிறது. எழுத்து அடிக்கும்போதோ கை அங்கே தங்குவதில்லை. கடையில் ஆடியவர் அவனல்லர், கடைக்காரர். அவர் கையில் காந்தப் பட்டை இல்லை.

“சரி தம்பி, வீட்டில் உட்கார்ந்து விளையாடும்போது கடிகாரம் எதற்கு?” என்று கேட்டேன்.

சற்று நேரம் பேசாமல் இருந்தான். பிறகு சொன்னான்: “விளையாட்டு திரை முழுக்க மறைச்சிடும் அத்தா. மூலையில இருக்கிற மணி தெரியாது. வக்து போயிடக் கூடாதுன்னுதான் அதைக் கட்டிக்கிட்டு உட்காருவேன்.”

நான் விதித்த நிபந்தனையை, நான் நம்பாத வாக்கை, நான் கொடுத்த கடிகாரத்தைக் கொண்டு அவன் காத்து வந்திருக்கிறான். அந்தக் கடிகாரம்தான் அவன் கணினியை உறங்க வைத்திருக்கிறது. அதைக் கொண்டுதான் நான் அவனைப் பொய்யன் என்றேன். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

இரு ஆதாரங்கள் ஒன்றோடொன்று முரண்படுவதுபோல் தோன்றுவதை ‘தஆருள்’ என்பர். அப்போது என்ன செய்ய வேண்டும்? இரண்டும் உண்மையாக இருக்க வழியுண்டா என்று முதலில் பார்த்து இணக்கம் காண வேண்டும், அது ‘ஜம்உ’. அதற்கு வழியே இல்லையெனில்தான் ஒன்றை உயர்த்தி மற்றதைத் தாழ்த்த வேண்டும், அது ‘தர்ஜீஹ்’. பெரும்பான்மை உஸூல் அறிஞர்கள் கூறும் வரிசை இது. மகன் மூடவில்லை என்றான், உண்மை. மூடியதற்குரிய அறிகுறி வந்ததென்று பதிவேடு சொன்னது, உண்மை. இயந்திரத்தில் கோளாறில்லை என்றார் கடைக்காரர், அதுவும் உண்மை. மூன்று உண்மைகளுக்கிடையே நின்று, பொய்யான ஒரு சொல்லைச் சொன்னவன் நான் ஒருவனே. ஜம்உ செய்ய வேண்டிய இடத்தில் தர்ஜீஹுக்கு விரைந்தேன். விரைய வைத்தது பதிவேடு அன்று. அவ்விளையாட்டின் மீது எனக்கிருந்த வெறுப்பும், கதவைத் திறந்த அன்றே விழுந்த ஐயமுமே. நீதிபதியாக யமனுக்கு அனுப்பப்பட்ட அலீ (ரலி) அவர்களுக்கு, ஒரு தரப்பைக் கேட்டதோடு தீர்ப்புக் கூறிவிடாமல் மறு தரப்பையும் கேட்குமாறு நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். ‘கேட்டல்’ என்பது காதால் மட்டும் கேட்பதன்று. மகன் சொன்னது என் காதில் விழுந்தது, நான் கேட்கவில்லை.

அடியார்களின் உரிமையில் இழைத்த தவறுக்குத் தவ்பா, உரியவரிடம் பொறுப்புக் கேட்காமல் நிறைவேறாது. தனிமையில் கேட்டால் போதும் என்று மனம் சொல்லிப் பார்த்தது. ஆனால் பழித்தது பலர் முன்னிலையில் அல்லவா? மறு வாரம் அவனுடைய விடுமுறை நாளில் இருவரும் மீண்டும் அக்கடைக்குச் சென்றோம். அதே இடத்தில் நின்று, “அன்று என் மகன் சொன்னது உண்மை, நான் சொன்னதுதான் தவறு” என்றேன். கடிகாரத்தை வைத்துக் காட்டினேன். கடைக்காரர் வியந்து, தம் கையால் நான்கு முறை வைத்து வைத்து எடுத்தார். மகன் தலை குனிந்து நின்றான்; ஆனால் திரும்பும்போது பேருந்தில் என் பக்கத்தில் அமர்ந்தான்.

வாசகர்கள் வீட்டிலும் கணினி இவ்வாறு காரணமின்றி உறங்குமானால், பழுது பார்ப்போரிடம் பணம் கொடுக்குமுன் பதிவேட்டைப் பாருங்கள். காரணம் மூடி என்றிருந்து, மூடி திறந்தே இருந்திருந்தால், அருகில் காந்தம் தேடுங்கள். கடிகாரப் பட்டை மட்டுமன்று. கைப்பேசி உறையின் மடிப்பு, கைப்பையின் பூட்டு, காதொலிப்பான் பெட்டி, நம் பெண்மக்கள் முக்காட்டில் குத்துவதற்குப் பதிலாக ஒட்டிக்கொள்ளும் காந்த ஊக்கு ஆகிய யாவும் இதனைச் செய்யக்கூடும். ஒரு மடிக்கணினியை மற்றொன்றின் மேல் வைத்து இயக்கினாலும், கீழுள்ளதன் மூடிக் காந்தம் மேலுள்ளதை உறங்க வைக்கலாம். மூடினாலும் உறங்க வேண்டா என்று கணினிக்குக் கட்டளையிட வழியுண்டு. ஆனால் பின்னர் மறதியாய் மூடிப் பையில் வைத்தால் உள்ளேயே கொதித்துவிடும். நாங்கள் அதைச் செய்யவில்லை. கடிகாரத்துக்குத் தோல் பட்டை மாற்றினோம். விலை 250 ரூபாய்.

அவன் இப்போதும் விடுமுறை இரவுகளில் ஆடுகிறான். புதிய அணி கிடைத்திருக்கிறது. எனக்கு அவ்விளையாட்டு இன்றும் பிடிக்கவில்லை; அதை அவனிடம் சொல்லியும் இருக்கிறேன். அவன் பதில் சொல்கிறான், நான் கேட்கிறேன். பாங்கு ஒலிப்பதற்குச் சற்று முன்னே அவன் அறையிலிருந்து நாற்காலி நகரும் ஓசை வரும். கதவைத் தட்டாமல் நான் இப்போது திறப்பதில்லை.

கண்டதற்கும் ஊகித்ததற்கும் உள்ள வேற்றுமையை உணர்ந்து பேசும் நாவை, நம் பிள்ளைகளின் விஷயத்தில் முதலாவதாக, அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.